மஞ்சள் தெரியாத பிலிம்

பத்துக்கு எட்டு அடி பிளெக்ஸ் வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள். எதிர்க்கடையில் நீங்கள் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அடித்துத் தந்துவிடுவேன். பூப்புனித நீராட்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் சரி. ஆதார் அட்டையில் இருக்கிற தபால்தலை அளவு மூஞ்சியைக் கொண்டுவந்து நீட்டி, "இதை ஆளுயரத்துக்குப் போட்டுருங்க" என்பார்கள். போட்டுக் கொடுப்பேன். மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல்தான் இருக்கும். செத்தவர் எழுந்துவந்து சண்டை போடப் போவதில்லை. இப்படிப் பிழைக்கிற எனக்குப் பக்கத்துக் கடை இசக்கிமுத்து செய்கிற காரியத்தைப் பார்த்து எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

செட்டியார்பட்டி மெயின் ரோட்டில் என் கடையும் அவன் ஸ்டுடியோவும் ஒரே சுவர். அவனுக்குச் சோறு போடுவது கல்யாணப் போட்டோதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று வருடத்துக்கு முன் சிவகாசியில் ஒரு பழைய அச்சாபீஸை இழுத்து மூடினார்கள். படங்களை உள்ளது உள்ள அளவில் நகலெடுக்க அங்கே ஒரு பெரிய கேமரா இருந்ததாம். அதன் லென்ஸ் மட்டும் பழைய இரும்புக் கடைக்குப் போகிற வழியில் இவன் கண்ணில் பட்டுவிட்டது. முழுத் தேங்காய்ச் சிரட்டை அளவுக் கண்ணாடி. பீரோ செய்கிற ஆசாரியிடம் தேக்கில் ஒரு பெட்டி சொல்லி, பைக் சீட் தைக்கிற கடையில் கறுப்பு ரெக்சினில் ஒரு துருத்தி தைத்து, எட்டு மாதம் மெனக்கெட்டு அவன் ஒரு கேமரா செய்து முடித்தபோது அது ஒரு கன்றுக்குட்டி அளவு இருந்தது. தூக்க இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் எப்போதும் நான்தான்.

அதற்கு பிலிம்? எக்ஸ்ரே பிலிம். நெஞ்சுக்கூட்டை எடுப்பார்களே, அந்தப் பதினாலுக்குப் பதினேழு அங்குல பிலிம். அவன் பெண்டாட்டி ஈஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அங்கே எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது மிஞ்சிய பெட்டிகள் இவன் தலையில் விழுந்தன.

"ஏலே இசக்கி, என் போன்ல நூத்தெட்டு மெகாபிக்சல் கெடக்கு. நீ என்னத்துக்குலே இந்தச் சவப்பெட்டியத் தூக்கிச் சுமக்குத? என்னையும் சேத்துச் சுமக்க வைக்குத?" என்று ஒருநாள் இடுப்பு வலியில் கேட்டே விட்டேன்.

அவன் கோபப்படவில்லை. அவனிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான்.

"ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் படம் எடுக்கேன் ராம்கி. போன மாசம் எடுத்த பொண்ணு நேத்து பஸ் ஸ்டாண்டுல எதுக்க வந்து, நல்லாருக்கியளாண்ணேங்கா. எனக்கு யாருன்னே தெரியல. அவ மூஞ்சியத்தான் மூணு நா பூராம் எடுத்தேன்."

"இதுல எடுத்தா மட்டும் ஒட்டிக்கிடுமாக்கும்?"

"இதுல மாசத்துக்கு ரெண்டு எடுக்கேன். ரெண்டு பேத்தையும் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஒரு மணி நேரம் பாத்துட்டுல்ல எடுக்கேன். உக்காந்துருக்கவியளும் சும்மா இருக்க முடியாது பாத்துக்க. மூச்சப் பிடிச்சு அவியளும் சேந்து எடுத்தாத்தான் படம்."

"பெரிசா வேணும்னா நான் பெரிசாக்கித் தாரேன்."

"நீ பெரிசாக்குத. நான் ஆக்கல. இருக்குறத, இருக்குற அளவுக்கு வாங்கிக்கிடுதேன். அம்புட்டுதான்."

அது உண்மைதான். பிலிமைத் தாளின் மேல் வைத்து அப்படியே படம் இறக்குவான். இழுப்பதும் கிடையாது, சுருக்குவதும் கிடையாது. ஈஸ்வரியின் முகத்தை அப்படி எடுத்து ஸ்டுடியோ சுவரில் மாட்டியிருந்தான். புருவ மயிரை எண்ணலாம். ஈஸ்வரியின் முகம் எவ்வளவோ, படத்து முகமும் அவ்வளவு. வில்லங்கம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

இசக்கியின் மதினி, அதாவது அண்ணன் பெண்டாட்டி, வெள்ளத்தாய்க்கு வாயில் நோவு. சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி ஓட்டுகிற பவர்லூமில் இருபத்திரண்டு வருடம் நின்றவள். ராத்திரி ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க இடது கன்னத்தில் புகையிலையை ஒதுக்கிக்கொள்வாள். தை மாதம் உள்ளே புண்ணாக இருந்தது, ஆனி பிறப்பதற்குள் கன்னத்துக்கு வெளியே நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்துவிட்டது. மேல்தோல் கறுத்து, நடுவில் ஈரமாகக் கண் மாதிரி ஒரு துளை. தான் நெய்த துணி மாதிரியே ஒரு கட்டுத்துணியை மடித்துப் பிளாஸ்திரி போட்டு அதை மறைத்திருப்பாள். அதற்கு மேல் முந்தானை. புருஷன் கருத்தப்பாண்டி பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வீட்டிலேயே இருக்கிற ஆள்தான். அவருக்குக்கூட அவள் மூன்று மாதமாக அந்தப் பக்கத்தைக் காட்டவில்லை.

மதுரையில் பெரிய டாக்டர் ஒரு தாளை எடுத்து முகம் வரைந்து காட்டியிருக்கிறார். உதட்டு ஓரத்தில் ஆரம்பித்துக் காது வரைக்கும் பேனாவால் ஒரு கோடு. தாடை எலும்பில் பாதி போகும், தொடையிலிருந்து சதை எடுத்து ஒட்ட வேண்டும், உயிர் நிற்கும். வெள்ளத்தாய் அந்தக் கோட்டை மட்டும் பார்த்தாள். சித்திரையில் முதல் தேதி கொடுத்தார்கள். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டாள். ஆனியில் இரண்டாவது தேதி. அன்றைக்குத் தேவதானத்தில் யாருடைய வயலிலோ களையெடுக்கப் போய்விட்டாள்.

"வயித்துல வெட்டுனா சேலைய வச்சு மூடிக்கிடலாம். மூஞ்சிய வெட்டுனா பொறவு நான் யாரு?" என்றாளாம் மகள் யுவராணியிடம்.

மூன்றாவது தேதி ஆடியில். இதுவும் தவறினால் கழுத்துக்கு இறங்கிவிடும், அப்புறம் கத்தி வைத்துப் பிரயோசனமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வாரத்தில் ஒருநாள் ஈஸ்வரியைத் தேடி ஸ்டுடியோவுக்கு வந்தவள் சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் நின்றாள். நானும் அங்கேதான் இருந்தேன். கையை விரித்து, படத்தின் நாடியில் கட்டைவிரலை வைத்து நெற்றி வரைக்கும் சாண் போட்டாள். பிறகு திரும்பி, ஈஸ்வரியின் முகத்தில் அதே சாணை வைத்துப் பார்த்தாள். விரல் நுனி சரியாகக் கூந்தல் விளிம்பில் வந்து நின்றது.

"தம்பி, இது மாதிரி எனக்கு ஒண்ணு எடுத்துத் தா. ஏம் மூஞ்சி வீட்டுல இருக்கட்டும். பொறவு அவன் என்னத்தையும் வெட்டிக்கிடட்டும்" என்றாள்.

இசக்கி பெட்டியைத் திறந்து பார்த்தான். இரண்டே இரண்டு பிலிம்தான் இருந்தது. ஆர்டர் போட்டால் வர மூன்று வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் வார்டில் இருக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை ஆடி வெள்ளி. அதுவும் ஆடிப்பூரத்துக்கு முந்தின நாள். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர். மூன்று மணிக்கு மேல் கூட்டம் நெரிந்து அந்த ஊருக்குள் வண்டி ஊர்ந்துதான் போகும். அதனால் இரண்டு மணிக்குக் கார் சொல்லியிருந்தார் கருத்தப்பாண்டி. காலையில் ஒன்பது மணியிலிருந்தே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முற்றத்துக்கும் வாசலுக்கும் நடை போட்டார்.

கடைக்குப் பின்தெருவில், அவர் வீட்டுக்கு முன்னால் இருந்த தகரச் சாய்ப்பின் நிழலில் கேமராவை இறக்கினோம். சலூன்காரரிடம் இரவல் வாங்கிய தலைத்தாங்கியை ஒரு நாற்காலியின் பின்னால் கட்டினான் இசக்கி. முகம் அசல் அளவுக்கு விழ வேண்டுமென்றால் கேமரா முகத்திலிருந்து ஒரு கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் இருக்க வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் வெளிச்சம் போதாது. ஆறு எண்ணுகிற வரைக்கும் லென்ஸ் திறந்திருக்கும். அதற்குள் ஒரு அரிசிமணி அளவு முகம் முன்னே வந்தாலும் கண் மங்கிவிடும். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிற மனுஷிக்கு ஆறு எண்ணுவது ஒரு யுகம்.

"மதினி, நான் ஒண்ணுன்னதும் மூச்ச நிறுத்தணும். ஆறு வரைக்கும் முழுங்கக் கூடாது. ஏலுமா?"

"எண்ணிப் பாரு."

நான்கில் அவள் தொண்டை ஏறி இறங்கியது. இரண்டாம் தடவை ஐந்து. மூன்றாம் தடவை ஆறு.

"பொட்ட எடுத்துருங்க மதினி. இந்தப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பா விழும்."

பொட்டை எடுத்தாள். பிறகு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். "எல்லாரும் அங்கிட்டுத் திரும்புங்க" என்றாள். நாங்கள் தெருவைப் பார்த்துத் திரும்பினோம். கருத்தப்பாண்டி பட்டாளத்தில் திரும்புவது மாதிரி குதிகாலில் திரும்பினார். பிளாஸ்திரி பிரிகிற சத்தம் கேட்டது. கேமராவின் பின்னால் போர்த்திய கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு இசக்கி மட்டும் அவளைப் பார்த்தான், அதுவும் கேமராக் கண்ணாடியில் தலைகீழாக. லென்ஸை மூடியிருந்த எவர்சில்வர் மூடியை அவன் எடுத்த சத்தமும் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. என் வாழ்க்கையில் ஆறு வரைக்கும் அவ்வளவு கவனமாக எண்ணியதில்லை. மூடி திரும்ப விழுந்தது. அவள் கட்டுத்துணியை ஒட்டி, முந்தானையைப் போர்த்தி, "சரி" என்றதும் திரும்பினோம். யுவராணி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

ஸ்டுடியோக் குளியலறையில் சிவப்பு விளக்கைப் போட்டு, தட்டில் பிலிமைக் கழுவினான். கால் மணி நேரத்தில் ஈரம் சொட்டச் சொட்ட வெளியே கொண்டுவந்தான். அதை என் கடை ஜன்னலில் பிடிக்கச் சொல்லி, என் போனில் எடுத்துக் கம்ப்யூட்டரில் நிறத்தைத் திருப்பிப் போட்டேன். நெற்றி, மூக்கு, வலது கன்னம், நாடி, எல்லாம் அட்டைக் கறுப்பு. கண் வெள்ளை மட்டும் தெரிந்தது. அந்தக் கறுப்புக்கு நடுவில் இடது கன்னத்துப் புடைப்பு மட்டும் விளக்குப் போட்ட மாதிரி துலக்கமாக, ஒரு சுருக்கம் விடாமல், நடுவில் இருந்த ஈரக் கண்ணோடு.

"என்னலே இது?"

இசக்கி நெற்றியில் அடித்துக்கொண்டான். "மஞ்ச. மஞ்ச ராம்கி. சிவப்பு தெரியாதுன்னு சொன்னவன் மஞ்சளும் தெரியாதுன்னு சொல்லாம விட்டுட்டேனே."

ஆடி வெள்ளி. அம்மா ஊருக்குப் போகிறாள். யுவராணி அதிகாலையிலேயே குண்டுமஞ்சளை உரசி, தன் கையாலேயே அம்மா முகத்துக்கு அழுந்தப் பூசிக் குளிப்பாட்டியிருக்கிறாள். நோவு உள்ள பக்கம் எரியும் என்று அதை மட்டும் விட்டுவிட்டாள். நம் ஊரில் ஆடி வெள்ளியன்று எந்தப் பொம்பளை முகத்தில் மஞ்சள் இல்லை? ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன் என்று பீற்றுகிறவனுக்கும் அது மஞ்சளாகத் தெரியவில்லை, முகமாகத்தான் தெரிந்திருக்கிறது.

மறைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். நன்றாக வந்திருக்கிறது, காய வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் திரும்பினால் வாசலில் வெள்ளத்தாய் நின்றுகொண்டிருந்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டாள்.

ரொம்ப நேரம் பார்த்தாள். "அது மட்டுந்தான் தெரியுது, என்ன?" என்றாள். சத்தமே இல்லாத குரல். பிறகு வீட்டுக்குப் போய், காரில் ஏற்ற வாசலில் வைத்திருந்த பையை எடுத்து உள்ளே கொண்டுபோய் அடுக்களையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கருத்தப்பாண்டிக்கு விஷயம் தெரிந்ததும் தெருவே அதிர்ந்தது.

"ஏலே, போட்டா பிடிக்கத் தெரியலைன்னா சொல்லித் தொலைய வேண்டியதான? மனுசியக் கூட்டிட்டுப் போவ நாய் படாத பாடு பட்டுக்கிட்டு இருக்கேன். இப்பம் வரமாட்டேங்கா. அவ செத்தா நீ போட்டா பிடிச்சு மாட்டுவியா?"

"அண்ணே, இன்னொரு பிலிம் இருக்கு."

"இருந்து?"

"மஞ்சளப் போக்கணும்."

மணி பதினொன்றே கால். யுவராணி அழுதுகொண்டே சோப்பு எடுத்து வந்தாள். சோப்பு போட்டதும் மஞ்சள் சிவந்தது. சிவப்பும் அந்தப் பிலிமுக்கு ஆகாது. பாசிப்பயறு மாவு போட்டுத் தேய்த்தாள். நோவுப் பக்கம் தண்ணீர் பட்டு வெள்ளத்தாய் பல்லைக் கடித்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. அந்த ஒன்றில்தான் எங்களுக்கு நம்பிக்கை இருந்தது. என் கடையில் டெகரேஷன் விளக்குக்கு மாட்டுகிற நீலக் கண்ணாடித்தாள் கிடந்தது. அதன் வழியாகப் பார்த்தால் பிலிம் பார்க்கிற மாதிரி இருக்கும் என்றான் இசக்கி. பார்த்தேன். நீலத்துக்குள் அவள் முகம் திட்டுத்திட்டாக இருண்டு கிடந்தது.

அப்போதுதான் ஈஸ்வரி வந்தாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள்.

"சேலையில மஞ்சக் கறை பட்டா என்ன செய்வோம்? வெயில்ல போடுவோம்லா? தேங்கா எண்ணையத் தடவித் தொடச்சு வெயில்ல உக்காத்துங்க. ஒரு மணி நேரத்துல போயிரும்" என்றாள்.

வெயில் எங்கே இருக்கிறது? முற்றம் முழுக்க வேப்பமர நிழல். சாய்ப்புக்கு அடியில் இருட்டு. உச்சி நேரத்து வெயில் விழுகிற ஒரே இடம் நடுத்தெரு. இருபது வீடு, ஒரு தண்ணீர்க் குழாய், அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றப் போகிற பொம்பளைகள், வருகிற போகிற பைக்குகள்.

வெள்ளத்தாய் எண்ணெய் தடவிய முகத்தோடு வாசற்படியில் நின்றாள். எண்ணெயில் பிளாஸ்திரி ஒட்டவில்லை. இரண்டு தடவை ஒட்டிப் பார்த்தாள், கட்டுத்துணி கழன்று கழன்று விழுந்தது. முந்தானையை இழுத்து மூடினாள். மூடினால் வெயில் எப்படிப் படும்?

"அக்கா" என்றாள் ஈஸ்வரி.

"சும்மா இரு ஏட்டி."

எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. பிறகு, நீச்சல் தெரியாதவள் கிணற்றுப் படியில் இறங்குகிற மாதிரி தெருவில் இறங்கினாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். மலைப் பக்கம் முகத்தைத் தூக்கினாள். முந்தானையை விட்டாள்.

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது, யாரும் நகர்த்தவில்லை. கருத்தப்பாண்டி சுவரைப் பார்த்து நின்றிருந்தவர் மெல்லத் திரும்பினார். மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறார். அந்த மனுஷர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வேப்பமரத்தின் பின்னால் போய்விட்டார்.

முதலில் கிட்டே வந்தவள் இருளம்மாள். வெள்ளத்தாய்க்கு அடுத்த தறியில் பதினைந்து வருடம் நின்றவள். கையில் கூழ்ச் சட்டியோடு வந்து, குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஏட்டி, இம்புட்டுதானா? நான் என்னமோ பாதி மூஞ்சி கழண்டு போச்சுன்னுல்ல கேள்விப்பட்டேன்!"

வெள்ளத்தாய் அவளை முறைத்தாள். முறைத்தவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு வலித்து, "ஆ" என்று கன்னத்தைப் பிடிக்கப் போய், எண்ணெய்க் கையை உதறினாள்.

"சிரிக்க வைக்காத தாயி, நோவுது."

"நோவட்டும். பேசாமயே கெடந்தேல்ல மூணு மாசம். கூழு குடிக்கியா?"

உறிஞ்சுகுழல் கொண்டுவந்து ஆடிக் கூழைக் குடிக்க வைத்தாள். அதன்பின் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். எட்டி நின்று போனவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஒருத்தி உச்சுக் கொட்டிவிட்டு அவசரமாகப் போனாள். மற்றவர்கள் நீலத்தாளை வாங்கி வாங்கிப் பார்த்து, "நெத்தி தெளிஞ்சுட்டு", "மூக்கு ஓரத்துல கெடக்கு பாரு" என்று நெல் காயப் போட்டவர்கள் மாதிரி கணக்குச் சொன்னார்கள். நடுவில் மலையிலிருந்து மேகம் இறங்கி வெயிலை மூடியது. பத்து நிமிடம் எல்லோரும் அண்ணாந்து நின்றோம். கருத்தப்பாண்டி மேகத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறித் திட்டினார்.

மேகம் விலகுகிற நேரம், மேலத் தெரு பாண்டிச்செல்வம் பைக்கில் வந்தவன் வேகத்தைக் குறைத்தான். முப்பது வயசுக்காரன், எதையும் ஸ்டேட்டஸில் போடாமல் தூக்கம் வராதவன். போனை எடுத்து இவள் பக்கம் திருப்பினான். கருத்தப்பாண்டி பாய்ந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். பைக் சாய்ந்தது. நானும் ஓடினேன், விலக்கிவிடத்தான் என்று சொன்னாலும் ஒரு அடி போடுகிற ஆசையும் இருந்தது.

"விடுங்க அவன" என்றாள் வெள்ளத்தாய். "ஏலே பாண்டிச்செல்வம். இங்க வா."

அவன் வரவில்லை.

"அங்கன நின்னு என்னத்தத் தெரியும்? கிட்ட வா. என் கொழுந்தன் நின்ன எடத்துல வந்து நில்லு. நல்லாப் பாரு. பாத்துட்டு எடு."

அவன் வந்தான். ஒரு கை நீளத்தில் நின்றான். அவள் முகத்தைத் தூக்கி, நேராக அவனைப் பார்த்தாள். ஒரு நிமிடம் போலத் தோன்றியது, ஐந்தாறு நொடிதான் இருக்கும். போன் பிடித்த கை இறங்கியது.

"மன்னிச்சுக்கோங்க சித்தி" என்றான். பைக்கைத் தூக்கி நிறுத்தி, ஸ்டார்ட் பண்ணாமல் தெருமுனை வரைக்கும் உருட்டிக்கொண்டே போனான்.

ஒன்றே முக்காலுக்கு நீலத்தாளில் முகம் தெளிந்துவிட்டது. நெற்றியும் கன்னமும் ஒரே நிறம். இசக்கி ஓடிப்போய்க் கடைசிப் பிலிமைச் சட்டத்தில் போட்டு எடுத்துவந்தான். கார் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார், கருத்தப்பாண்டி அவரிடம் ஒரு கையைக் காட்டினார். வெள்ளத்தாய் சாய்ப்பின் நிழலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து தலைத்தாங்கியில் தலையை வைத்தாள். இந்தத் தடவை யாரையும் திரும்பச் சொல்லவில்லை. பின்னால் பாதித் தெரு நின்றிருந்தது. இசக்கி கம்பளிக்குள் போய் வந்தான், நூல் பிடித்துத் தூரம் பார்த்தான், சட்டத்தைச் செருகினான். எவர்சில்வர் மூடியில் கை வைத்தான்.

"மதினி, எண்ணப் போறேன்."

"நில்லு" என்றாள்.

தலைத்தாங்கியிலிருந்து தலையை எடுத்துவிட்டாள். எழுந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்தவள், வயலுக்குப் போய் ஒளிந்தவள். இது மூன்றாவது. கருத்தப்பாண்டி சுவரில் சாய்ந்துகொண்டார். கத்தவும் அவரிடம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை போல.

"யுவா, என் பை அடுக்களையில கெடக்கு. எடுத்து வண்டியில வையி."

யுவராணி அசையாமல் நின்றாள்.

"எடுத்து வையின்னா வையேன் ஏட்டி. தேர்க் கூட்டத்துல மாட்டிக்கிட்டா அப்பா என்னையில்ல வைவாரு."

"மதினி, ஆறு எண்ணுற நேரந்தான். எடுத்துருதேன்" என்றான் இசக்கி. குரல் கெஞ்சியது.

"அந்தப் பிலிம வச்சிரு தம்பி. நான் வந்த பொறவு எடு."

"வந்த பொறவா? மதினி, அப்பம் மூஞ்சி..."

"மூஞ்சி வேற மாதிரி இருக்கும். அதத்தான சொல்ல வார? இருக்கட்டும். இந்த மூஞ்சியத்தான் இந்தத் தெரு பூராம் பாத்துருச்சே. வரப்போற மூஞ்சிய ஒருத்தரும் பாக்கலல்ல? நானே பாக்கல. ஒரு பிலிமுதான் இருக்குன்னா அதுக்கு வையி."

சொல்லிவிட்டுப் போய்க் காரின் முன்சீட்டில், டிரைவர் பக்கத்தில், இடது கன்னம் ஜன்னல் பக்கம் வருகிற மாதிரி உட்கார்ந்தாள். கட்டுத்துணி இல்லை. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். யுவராணி பையோடு பின்சீட்டில் ஏறினாள். கருத்தப்பாண்டி அவள் பக்கத்தில் ஏறிக் கதவை இரண்டு தடவை அடித்துச் சாத்தினார். வண்டி போன பிறகும் தெருவில் யாரும் கலையவில்லை. இசக்கி பிலிம் சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். நானும் அவனும் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அன்று அது கனக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே கனத்தது.

சாயங்காலம் ஐந்தேகாலுக்கு யுவராணி போன் செய்தாள். இசக்கி ஸ்பீக்கரில் போட்டான்.

"சித்தப்பா, வந்து சேந்துட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டத்தான் முக்கா மணி நேரம். பெட்டு குடுத்துட்டாக. திங்கக்கெழம காலைல முதல் ஆபரேசன் அம்மாவுக்குத்தான்."

"மதினி எப்படி இருக்காக?"

"அடையாள அட்டைக்கு ஒரு சின்னக் கேமராவுல மூஞ்சிய எடுத்தாக சித்தப்பா. போன தடவ டெஸ்டுக்கு வந்தப்போ எடுக்க விடாம அழுதுச்சுல்லா? இன்னைக்கு அந்தப் பொண்ணு சொல்லுறதுக்கு முந்தியே நேரா பாத்துக்கிட்டு உக்காந்துருச்சு. எடுத்து முடிச்ச பொறவும் எந்திரிக்கல. அம்புட்டுதானா, எண்ண மாட்டியளாங்கு."

ஈஸ்வரி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். இசக்கி போனை மேசையில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சித்தப்பா, இருக்கியளா? அம்மா ஒண்ணு சொல்லச் சொல்லுச்சு. அந்தப் பிலிம வேற யாருக்கும் எடுத்துறாதியளாம்."

இதை எழுதுகிற இன்று ஞாயிற்றுக்கிழமை. பிலிமைக் கறுப்பு உறையில் போட்டு ஈஸ்வரி வீட்டு பிரிட்ஜில் கடைசித் தட்டில், கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். உறைக்கு மேல் இசக்கி கொட்டை எழுத்தில் "மதினி" என்று எழுதி ஒட்டியிருக்கிறான். நான் காலையிலிருந்து எதையாவது சாக்குச் சொல்லி அவன் வீட்டுக்குப் போய் மூன்று தடவை அந்த பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டேன்.